மூங்கில் சுருங்காது

நெசவாளி வீட்டில் பிறந்தவனைக் கூப்பிட்டு எதையும் அளக்கச் சொல்லாதீர்கள். சேலையை மட்டும் சரியாக அளப்பான். மற்ற எதை அளந்தாலும் ஒரு சாண் சேர்த்துத்தான் சொல்லுவான். தறியில் விறைப்பாக நிற்கிற துணி, அறுத்து எடுத்ததும் கொஞ்சம் சுருங்கிவிடும். அதனால் எதிலும் சற்றுக் கூடுதலாக வைப்பது எங்கள் ரத்தத்தில் ஊறிய பழக்கம். என் கல்யாணப் பத்திரிகையைக்கூட நான் இப்படித்தான் அடித்தேன். (மீதி இன்னும் பரணில் கிடக்கிறது. என் மனைவி இன்றைக்கும் ஊறுகாய் ஜாடிக்கு மூடி போட அதைத்தான் எடுக்கிறாள்.)

இப்படிப்பட்ட என்னிடம்தான் என் அக்கா ஒரு ஜன்னலை அளக்கும் பொறுப்பை ஒப்படைத்தாள். அறுபதுகளின் கடைசி. நான் பி.யூ.சி. முடித்துவிட்டு, உலகத்தில் எனக்குத் தெரியாதது ஏதாவது இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்த காலம்.

அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் அக்கா. கல்யாணமாகிக் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துக்குப் போகும்போது என்னையும் கூடவே அழைத்துப் போனாள். “சீர்வரிசையில அண்டா, குண்டான், அப்புறம் இவன்” என்று மாமா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார். மாமா பட்டு நெய்பவர். கரைக்கு ஒரு நிறம், உடலுக்கு ஒரு நிறம் வைத்துக் கோர்த்து நெய்கிற சேலைக்கு இரண்டு பேர் வேண்டும். மாமா ஒரு பக்கம் உட்காருவார், கரைப்பக்கம் அக்கா உட்காருவாள். அவர்கள் சண்டை போட்டுக்கொண்டாலும் தறியில் உட்கார்ந்துதான் போட்டுக்கொள்வார்கள்.

அந்த வருஷம் அக்காவின் இரண்டு கண்ணிலும் புரை விழுந்தது. அந்த வயதில் ஏன் விழுந்தது என்று மெட்ராஸ் டாக்டருக்கே ஆச்சரியம். கரையில் இழை தப்ப ஆரம்பித்தது. மாமா அவள் எழுந்து போனதும் சத்தமில்லாமல் பிரித்துச் சரி செய்துவிடுவார். ஒருநாள் அவர் பிரித்துக்கொண்டிருக்கும்போது அக்கா திரும்பி வந்துவிட்டாள். தடவிப் பார்த்துப் புரிந்துகொண்டாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. எங்களுக்கும் சோறு இறங்கவில்லை.

ஆபரேஷன் செய்துவிடலாம், ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு கண்ணில் வெயில் படவே கூடாது, கட்டு பிரிக்கிற வரை இருட்டான அறையில்தான் இருக்க வேண்டும், இல்லையென்றால் செய்ததெல்லாம் வீண் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் பின்கட்டு முழுக்கத் தறி. படுக்க இருந்தது முன்னறை ஒன்றுதான். அதில் மேற்கு பார்த்த ஒரு ஜன்னல். மத்தியானம் ஆனால் வெயில் நேராக உள்ளே வந்து பாயில் படுத்துக்கொள்ளும்.

“கோணி கட்டிடலாம்பா” என்றார் மாமா.

எனக்குப் பொறுக்கவில்லை. “கோணியா! மாமா, பேங்க் மேனேஜர் வீட்டுல மூங்கில் தட்டி மாட்டிக்கிறாங்க. கயித்த இழுத்தா பாய் மாதிரி சுருண்டுக்கினு மேல போவுது. பச்ச பெயிண்ட் அடிச்சது. கண்ணுக்குக் குளுமை.”

“கண்ணுதான் கட்டியிருக்குமே, அவளுக்குப் பச்ச இன்னா, செவப்பு இன்னா?”

“கட்டு பிரிச்சதும் மொதமொதல்ல எதப் பாப்பா? கோணியையா?”

அக்கா சிரித்தாள். “அவன் இஷ்டத்துக்கு வுடுங்க. டேய் வரது, நான் மெட்ராஸ்லேந்து வர்றதுக்குள்ள கட்டி வெச்சிடணும், இன்னா?” என்றாள். நான் தலையை ஆட்டினேன். (அவளுக்குத் தெரியாதே என்று பிறகு வாயாலும் சொன்னேன்.)

அளப்பதற்கு ஸ்கேல், டேப் எல்லாம் எங்கள் வீட்டில் கிடையாது. நூல்தான். ஜன்னலின் அகலத்துக்கு ஒரு நூல், உயரத்துக்கு ஒரு நூல் அறுத்தேன். அறுக்கும்போதே கை தானாக ஒரு சாண் தள்ளிப் போய் அறுத்தது. அதை நான் மாமாவிடம் சொல்லவில்லை. நான் அந்தப் பக்கம் போனதும் மாமா என் நூலை எடுத்துப் பார்த்தார். “சின்னப் பையன் கம்மியா அளந்திருப்பான்” என்று இரண்டிலும் ஒவ்வொரு துண்டு சேர்த்து முடிச்சுப் போட்டார். இதை அவர் என்னிடமும் சொல்லவில்லை, அக்காவிடமும் சொல்லவில்லை. ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் அக்கா இரண்டு நூலையும் கையால் தடவிப் பார்த்தாள். “சுருங்குமேடா, பத்தாதே” என்று அவளும் துண்டு சேர்த்தாள். இதை அவள் எங்கள் இருவரிடமும் சொல்லவில்லை. எல்லாம் பிறகுதான் வெளியே வந்தது. மூங்கில் சுருங்காது என்பது அந்த வீட்டில் ஒருவர் மூளைக்கும் எட்டவில்லை.

மறுநாள் அவர்கள் மெட்ராஸுக்கு ரயிலேறினார்கள். நான் வாலாஜாபாத்துக்கு பஸ் ஏறினேன். அங்கே தட்டி பின்னுகிறவர் ஒருவர் இருந்தார். போகிற வழியில் இரண்டு நூலில் ஒன்று தொலைந்துவிடுமோ என்று பயம் வந்தது. உடனே இரண்டின் நுனியையும் சேர்த்து முடிச்சுப் போட்டுப் பையில் பத்திரப்படுத்தினேன். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

தட்டிக்காரர் பல வகை காட்டினார். அகலப் பட்டை, மெல்லிய குச்சி, நாணல். நான் ஒவ்வொன்றையும் வெயிலில் தூக்கிப் பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். எதைப் பார்த்தேன் என்று கேட்காதீர்கள். மெல்லிய குச்சியில் நெருக்கமாகப் பின்னி, பச்சை பெயிண்ட் அடிக்கச் சொன்னேன்.

“சரி தம்பி, அளவு?”

பையிலிருந்து நூலை எடுத்து நீட்டினேன். அவர் அதைப் பிரித்துக்கொண்டே போனார். வழி நெடுக முடிச்சு.

“எதுவரைக்கும் அகலம், எங்கேந்து ஒயரம் தம்பி?”

அப்போதுதான் நானும் நூலைக் குனிந்து பார்த்தேன். நான் போட்டது ஒரே ஒரு முடிச்சு. இத்தனை முடிச்சு எங்கிருந்து வந்தது? எது என் முடிச்சு? திரும்பிப் போய் அளந்துகொண்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு கண்ணை மூடிக்கொண்டு மூங்கில் பார்த்தவன் அப்படிச் சொல்ல முடியுமா?

“முழுசும் அகலம்தாண்ணே” என்றேன்.

“அம்மாம் பெரிய ஜன்னலா?”

“பெரிய வீடு” என்றேன்.

“ஒயரம்?”

“தரை வரைக்கும்.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “காஞ்சிபுரத்துக்காரங்க எப்பவும் கொறையுது கொறையுதுன்னுதான் வந்து நிப்பாங்க. நான் ஒரு சாண் சேத்தே போட்டுடறேன்” என்றார். அவர் பங்குக்கு அவரும்.

அக்கா வீட்டுக்கு வரும் நாளன்று காலையில் போய்த் தட்டியை எடுத்து வந்தேன். பெயிண்ட் இன்னும் காயவில்லை. நாலு பேர் சேர்ந்து பஸ்ஸின் மேல் ஏற்றினார்கள். சுருட்டிய நிலையிலேயே அது பின்னால் நீட்டிக்கொண்டிருந்தது. “இன்னாப்பா இது, தேருக்கு வடமா?” என்றார் கண்டக்டர். பஸ் ஸ்டாண்டில் இறக்கிக் கைவண்டியில் போட்டேன். எங்கள் தெருமுனைக்கு வந்ததும் வண்டிக்காரர் நின்றுவிட்டார். தெரு நடுவே நீளத்துக்கும் பாவு நீட்டியிருந்தார்கள். எதிர்வீட்டுக் கன்னியப்பன் அண்ணனுடையது. சேலைக்கு நீளவாட்டில் ஓடுகிற பட்டு இழை மொத்தத்தையும் தெருவில் விறைப்பாகக் கட்டி, நீவிச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். நல்ல அரக்குச் சிவப்பு. அடுத்த சில மாதங்களுக்கு அந்த வீட்டில் அடுப்பு எரிவது அந்த இழையில்தான்.

நானும் வண்டிக்காரரும் தட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு தெரு ஓரமாகவே நடந்தோம். ஒரு தொந்தரவும் இல்லை. எங்கள் வீட்டு வாசலில் முன்னால் போன நான் சட்டென்று உள்ளே திரும்பினேன். நான் திரும்பினால் பின்பக்கமும் திரும்பும் என்பது பி.யூ.சி.யில் சொல்லித் தராத பாடம். பின்பக்கம் நேராகப் பாவுக்கு மேலே போய் நின்றது. பச்சை பெயிண்ட் நுனியில் திரண்டு, இதோ விழப்போகிறேன் என்று தொங்கியது.

தெருவே கத்தியது. “டேய்! நகராத! அப்டியே நில்லு!” கன்னியப்பன் அண்ணன் எகிறிக் குதித்து ஓடிவந்து, தோளில் இருந்த புதுத் துண்டை விரித்துப் பாவின் மேல் இரு கையால் பிடித்தார். சொட்டு விழுந்தது. துண்டில் விழுந்தது. அடுத்ததும் அதிலேயே விழுந்தது. “பட்டு மேல ஒரு சொட்டு உழுந்திச்சின்னு வையி, உன்னயே பாவா நீட்டிடுவேன்” என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

தெரு ஆட்கள் தட்டியை என் தோளிலிருந்து பிடுங்கித் தலைக்கு மேலே தூக்கினார்கள். கை மாற்றிக் கை மாற்றி அதை வீட்டுச் சுவரோரம் கொண்டுபோய் வைத்துப் பிரித்தார்கள். என் ஜன்னல், தட்டியின் ஒரு மூலைக்கு வந்தது. அது ஜன்னலையும் கதவையும் தாண்டி, பக்கத்து வீட்டுச் சுவரை எட்டிப் பார்த்தது.

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சாயங்காலம் அக்கா வந்துவிடுவாள். அவள் கண் போய்விட்டால் அதற்குக் காரணம் நான்தான் என்று தோன்றியது. வெட்கம் கெட்டு அழுதேன்.

என்னை அடிக்க எல்லா உரிமையும் உள்ள கன்னியப்பன் அண்ணன், பாவைச் சுருட்டிப் பத்திரமாக உள்ளே வைத்துவிட்டு வந்தார். தட்டியையும் கூரையையும் மாறி மாறிப் பார்த்தார். “ஜன்னலுக்குத்தான கட்ட முடியாது? வீட்டுக்கே கட்டிடலாம், எழுந்திருடா” என்றார். ஓட்டுக்கூரையின் விளிம்பில் கழி வைத்துக் கட்டி, வீட்டின் முன்பக்கம் முழுவதையும் மூடித் தட்டியைத் தொங்கவிட்டார்கள். யாரும் கூப்பிடாமலே வந்தவர்கள். வெயில் மேற்கே திரும்புவதற்குள் வேலை முடிந்தது. முன்னறைக்குள் போய்ப் பார்த்தேன். கும்மிருட்டு. ஜில்லென்று இருந்தது.

சாயங்காலம் ஜட்கா வந்து நின்றது. கண்ணில் கட்டோடு அக்கா இறங்கினாள். மாமா வீட்டைப் பார்த்து வாயைத் திறந்தார். நான் கும்பிட்டேன். அவர் வாயை மூடிக்கொண்டார். அக்கா கையை நீட்டினாள், மூங்கில் தட்டுப்பட்டது. “கட்டிட்டியாடா!” என்று சந்தோஷமாகத் தடவினாள். தடவிக்கொண்டே நடந்தாள். கதவைத் தாண்டினாள். இன்னும் நடந்தாள்.

“டேய் வரது, இன்னும் முடியலியாடா?”

தெருவே வாசலுக்கு வந்து பார்த்துக்கொண்டிருந்தது. கடைசி நுனியைப் பிடித்ததும் அக்கா நின்றாள்.

“எனக்குத்தான் கண்ணு தெரியல. உனக்குமாடா?”

தெருவே சிரித்த அந்தச் சிரிப்பு எத்தனை வீடு தாண்டிக் கேட்டிருக்குமோ தெரியாது. அக்காவே சிரிக்க, “சிரிக்காதம்மா, கண்ணு அதிரும்” என்று கெஞ்சிக்கொண்டே மாமாவும் சிரித்தார்.

கட்டு பிரிக்கிற வரை அக்கா தனியாக இருட்டில் கிடந்து என்ன செய்வாளோ என்பதுதான் எங்களுக்குக் கவலையாக இருந்தது. அவள் ஒரு நாள்கூடத் தனியாக இல்லை. அந்தக் கோடையில் தெருவிலேயே குளிர்ச்சியான வீடு எங்களுடையதுதான். மத்தியானம் ஆனால் பெண்களெல்லாம் பட்டு சுற்றுகிற ராட்டையைத் தூக்கிக்கொண்டு தட்டிக்குள் வந்துவிடுவார்கள். ஊர்க்கதை அத்தனையும் அக்கா காதில் விழும். அளவெடுத்து ஜன்னலுக்குக் கட்டியிருந்தால் இவ்வளவு பேருக்கு இடம் இருந்திருக்காது. இப்போது நினைத்தாலும் அந்தத் தெருவைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

கட்டு பிரித்துத் தடித்த கண்ணாடி போட்டதும், வெளிச்சம் தணிந்த நேரமாகப் பார்த்து அக்கா வாசலில் நின்று தட்டியைப் பார்த்தாள். “பச்ச நல்லாத்தான் இருக்குது” என்றாள். அப்புறம் உள்ளே போய்த் தறியில் கரைப்பக்கம் உட்கார்ந்து, அறுந்திருந்த ஒரு சிவப்பு இழையைத் தானே எடுத்து முடிந்தாள். மாமா அன்றைக்கு எதையும் பிரிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் துடைக்கவில்லை, அழுதேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் எதை அளந்தாலும், “வரது மாதிரி அளந்தியா, மனுஷன் மாதிரி அளந்தியா?” என்றுதான் கேட்பார்கள். என் பேரப்பிள்ளைகள் வரை இந்தக் கேள்வி வந்துவிட்டது.

போன வருஷம் எனக்கும் புரை எடுத்தார்கள். இப்போது இருட்டறையெல்லாம் வேண்டாமாம், காலையில் போய் மத்தியானம் வீட்டுக்கு வந்துவிட்டேன். வந்து படுத்ததும், அக்கா கொடுத்தனுப்பியதாக அவள் பேத்தி என் கையில் எதையோ வைத்தாள். தடவிப் பார்த்தேன். நூல். வழி நெடுக முடிச்சு.

“ஆயா சொல்லச் சொன்னாங்க தாத்தா. ஜன்னலுக்கு அளவாம். ஒரு சாண் சேத்தே வெச்சிக்கிறாங்களாம்.”

சிரிக்கக் கூடாது, கண்ணில் தண்ணீர் வரக் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். இரண்டையும் என்னால் காப்பாற்ற முடியவில்லை.