இருபத்தொன்பதாம் தேதி மாலை ஐந்து மணிக்குள்

26 மே, செவ்வாய்க்கிழமை
காலை 10.40

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு என் இடது முழங்கால் நீங்கலாக அனைவரும் நலம். அங்கு தாங்களும் சம்பந்தியம்மாளும் தங்கள் ரத்த அழுத்தமும் அவரவர் அளவில் சீராக இருக்க விழைகிறேன்.

தாங்கள் மார்ச் 2ஆம் தேதியிட்டு எழுதி, 5ஆம் தேதி பிற்பகல் 3.15க்கு என் கைக்கு வந்து சேர்ந்த கடிதத்தில் என்னிடம் ஒரு பொறுப்பை ஒப்படைத்திருந்தீர்கள். (அதில் கிழமை ஞாயிறு என்று குறித்திருந்தீர்கள், 2ஆம் தேதி திங்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை.) மீன்வளத் துறையின் பொருளாதாரப் பிரிவில் வேலை பார்க்கும் தங்கள் மகள், அதாவது என் மருமகள், படகேறிப் போய், கடலில் கூண்டு வைத்து மீன் வளர்ப்பவர்களிடம் வரவு செலவு கேட்டு அலைவது தங்களுக்குப் பிடிக்கவில்லை, தலைமை அலுவலகத்தில், தங்கள் வீட்டிலிருந்து நடந்தே போகும் தூரத்தில், மின்விசிறிக்கு நேர்கீழே ஒரு நாற்காலி காலியாகிறது, அந்த மாறுதலுக்கான சம்மதக் கடிதம் மே 29 வெள்ளி மாலை ஐந்து மணிக்குள் சேர வேண்டும், பெரியவனாக இருந்து அவள் மனத்தை நான் கரைக்க வேண்டும். ஆவணப் பிரிவில் முப்பத்து நான்கு ஆண்டு, இரண்டு மாதம், பதினோரு நாள் பணியாற்றி ஒரு கெடுவையும் தவறவிடாதவன் என்ற முறையில் ஏற்றுக்கொண்டேன்.

ஒன்றை நேரில் பார்க்காமல் அதைக் குறை சொல்வது முறையல்ல என்பதால், மார்ச் 11 புதன்கிழமை அவளுடன் நானும் கிளம்பினேன். மிதவை அங்கியை வீட்டிலேயே 6.10க்கு மாட்டிக்கொண்டுவிட்டதால் பேருந்து நடத்துநர் என்னை ஏதோ விபத்தில் தப்பியவன் என்று நினைத்து உட்கார இடம் பிடித்துத் தந்தார். படகில் குடையை விரித்தேன், காற்று அதை வெளிப்புறமாகப் புரட்டிவிட்டது, அன்றிலிருந்து அது திறக்க மறுக்கிறது. கூண்டின் மிதவையில் கால் வைத்ததும் முழங்கால் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் போனோம். மூக்குக்கண்ணாடி சரியாக 8.25க்குக் கூண்டுக்குள் விழ, தீவனம் என்று நம்பி நானூறு மீன்கள் கூடி, ஏமாந்து கலைந்தன. மைப்பேனாவால் நான் நிரப்பிய முதல் படிவம் உப்புத் தண்ணீர் பட்டு வானிலை வரைபடம்போல் ஆயிற்று. தங்கள் மகள் சிரிக்கவில்லை. “மாமா, பென்சில்” என்று மட்டும் சொல்லி ஒன்றை நீட்டினாள். வீடு வந்ததும் என் மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்து, மருமக கடலுக்குப் போறது பிரச்சினையில்ல, இவரைக் கூட்டிட்டுப் போறதுதான் பிரச்சினைன்னு சம்பந்திக்கு எழுதுங்க என்றாள். எழுதிவிட்டேன்.

அவள் கணக்கெடுக்க வேண்டிய அறுபத்து மூன்று பண்ணைகளில் முதல் பண்ணைக்காரரை எல்லோரும் இருக்கும்காரர் என்றே அழைக்கிறார்கள். எது கேட்டாலும் ‘அது இருக்கும்’ என்பார். எத்தனை மூட்டைத் தீவனம் போட்டீர்கள்? அது இருக்கும். எத்தனை மீன் செத்தது? அதுவும் இருக்கும். நானாக இருந்தால் அன்றே குறிப்பாணை அனுப்பியிருப்பேன். தங்கள் மகளோ படிவத்தை மூடி வைத்துவிட்டு, அரைமணி நேரம் அவரோடு சேர்ந்து மீனுக்குத் தீவனம் வீசினாள். பிறகு அண்ணாந்து பார்த்தாள். மிதவைக் குடிசைக்குக் கூரை முழுவதும் காலித் தீவனச் சாக்குகளைப் பிரித்துத் தைத்தது. “மேல நூத்திப் பன்னெண்டு, மூலையில மடிச்சு வெச்சது முப்பது. வேற யாருக்காவது குடுத்தீங்களாண்ணே?” என்றாள். அவர் வாயைப் பிளந்தபடி, மச்சான் வீட்டுக்கு எட்டு என்றார். நூற்றைம்பது என்று பென்சிலால் எழுதினாள். சம்பந்தி அவர்களே, நான் முப்பத்து நான்கு ஆண்டு கோப்புகளைப் பார்த்தவன், கூரையைப் பார்த்ததில்லை.

இவளுக்கு முன் இந்த வேலையைச் செய்தவர் கரையைவிட்டு இறங்காமலே படிவங்களை நிரப்பியிருக்கிறார். அவர் கணக்குப்படி அறுபத்து மூன்று பண்ணைகளிலும் கிராம் பிசகாமல் ஒரே அளவு தீவனம். ஒரு மீனும் சாகவில்லை. இவ்வளவு ஒழுக்கமாக வளர்ந்தும் நட்டம் என்றால் வளர்ப்பவர்களுக்குத்தான் வியாபாரம் தெரியவில்லை, ஆகவே கடனுதவியை நிறுத்திவிட்டுப் பயிற்சி வகுப்பு நடத்தலாம் என்று துறை ஒரு கொள்கை வரைவே எழுதிவிட்டது. அது நிறைவேறினால் இருக்கும்காரர் கூண்டைக் கழற்றிக் கயிற்று விலைக்குப் போட வேண்டியதுதான்.

அந்த மனிதர், என்ன விலைக்கு விற்றீர்கள் என்ற கேள்விக்கு மட்டும் ‘இருக்கும்’ என்றுகூடச் சொல்லாமல், நினைவில்லை என்றார். படிவத்தில் அந்தப் பதிலுக்கான குறியீட்டு எண் 99. பாவம், மறதிக்காரர் போலும் என்று திரும்பும் வழியில் நான் இரக்கப்பட்டேன்.

“தொண்ணூத்தொம்பதுன்னா தெரியாதுன்னு இல்ல மாமா. தெரியும், சொல்ல வாய் வரலன்னு அர்த்தம். இன்னொரு நாள் வருவோம்” என்றாள்.

அடுத்த ஆறு வாரங்களில் என் பங்கு ஒன்றே ஒன்று. விற்ற மாதம் எது என்று மட்டுமே படிவம் கேட்கிறது. என் கை அதற்கு இணங்கவில்லை. ஆணியில் குத்தியிருந்த ஐஸ் ரசீது, கைப்பேசியில் இருந்த புகைப்படம் என்று துருவித் துருவித் தேதியைக் கேட்டு ஓரத்தில் எழுதினேன். மாசம் போதும் மாமா என்றாள். மாசமே போதும்னா நாள்னு ஒண்ணை எதுக்கும்மா வெச்சிருக்கு என்று கேட்டேன். அழித்துவிடு என்று அவள் சொல்லவில்லை. அது அவள் பெருந்தன்மை.

ஏப்ரல் 24 வெள்ளியன்று சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியோடு உட்கார்ந்தாள். நாங்கள் மூன்று நாள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டோம். 27 திங்கள் காலை 6.50க்கு, “மாமா, இங்க வாங்க” என்றாள். அறுபத்து மூன்றில் நாற்பத்தொரு பண்ணைகள் டிசம்பர் 21 முதல் 29 வரை, ஒன்பதே நாளில், மொத்த மீனையும் விற்றிருந்தன. கூட்டுறவுக் கடனைக் கட்ட வேண்டிய நாள் டிசம்பர் 31. பிப்ரவரிவரை தாக்குப்பிடித்து விற்றவர்களுக்குக் கிலோவுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை. ஓரத்தில் நான் எழுதியது அரிப்புக்காக. அது பூட்டுக்குச் சாவி என்று கண்டவள் அவள். விற்ற தேதிகளை ஒரு தாளில் வரைபடமாக்கி எடுத்துப்போய் இருக்கும்காரரிடம் காட்டினாள். கேள்வி ஏதும் கேட்கவில்லை. அவர் டிசம்பர் கடைசியில் விரலை வைத்தார்.

“பாதி வெலைக்குத்தாம்மா குடுத்தேன். மீனு வளர இன்னும் ரெண்டு மாசம் கெடந்துச்சு. எனக்குத்தான் இல்ல.”

உடனே நான் முந்திக்கொண்டு, கடன் நாளை மார்ச் 10க்குத் தள்ளிவிட்டால் தீர்ந்தது என்று தீர்ப்பளித்தேன். அப்ப எல்லாரும் மார்ச்ல ஒண்ணா விப்பாங்க, வெல அங்க விழும் மாமா என்றாள். அவரவர் கூண்டில் குஞ்சு விட்ட தேதியிலிருந்து எண்ணி அவரவருக்குத் தனித்தனியாகக் கெடு வைக்க வேண்டும் என்பது அவள் எழுதிய யோசனை. ஒரு துறையே தேதிகளால் இயங்குவதைக் கற்பனை செய்து பாருங்கள். எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை.

மே 20ஆம் தேதி துறையின் கொள்கைக் குழு கூடியது. எந்த ஆதாரத்தில் சொல்கிறீர்கள் என்று இயக்குநர் கேட்க, அறுபத்து மூன்று படிவங்களையும் மேசைமேல் வைத்து நாற்பது நிமிடம் நின்றபடியே பதில் சொன்னாளாம். பழைய வரைவு விலக்கப்பட்டது. ஓராண்டுக்குச் சோதனையாகப் புதிய கெடு. அடுத்த ஆண்டுக் கணக்கெடுப்பு சரியாக வந்தால்தான் அது நிலைக்கும். செய்தி சொல்லப் போனபோது இருக்கும்காரர், வர்ற வருசமும் நீங்கதானம்மா வருவீங்க என்று கேட்டார். அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏனெனில் தாங்கள் அவளை மூன்று முறை தொலைபேசியில் அழைத்திருந்தீர்கள். 24ஆம் தேதி ஞாயிறு மாலை அவள் சம்மதக் கடிதத்தில் கையெழுத்திட்டு, உறையில் போட்டு என்னிடம் தந்தாள். “அப்பாவுக்குப் பிரஷர் ஏறுது மாமா. நீங்களே அனுப்பிடுங்க. நீங்கதான் தேதி தவறமாட்டீங்க” என்றாள். என் மகன் எந்த ஊரிலும் கணினியைத் திறந்து வைத்து வேலை செய்பவன், அவனால் தடையில்லை. ஆகவே தாங்கள் விரும்பியபடியே நாளை 27 புதன் காலை பத்து மணிக்கு, இக்கடிதத்தோடு அந்த உறையையும் விரைவுத் தபாலில் சேர்ப்பிப்பேன். ஒப்புக்கொண்ட பொறுப்பு நிறைவேறியது. இப்படி ஒரு பெண்ணை வளர்த்ததற்குத் தங்களைப் பாராட்டவும், அவளை மின்விசிறிக்குக் கீழே உட்காரவைப்பதற்குத் தங்கள்மேல் வருத்தப்படவும் மட்டும் அனுமதி வேண்டுகிறேன்.

தங்கள் இல்லத்தில் கடிகாரங்கள் ஒத்து ஓடவும், ரத்த அழுத்தம் ஏறாமல் இருக்கவும், சம்பந்தியம்மாள் நீடூழி வாழவும் வாழ்த்தும்,

தங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: 2 ஜூன், செவ்வாய்க்கிழமை, மாலை 4.05. மேற்கண்ட கடிதம் இன்றுதான் தபாலில் சேர்கிறது. 27ஆம் தேதி இரண்டு உறைகளையும் பத்திரமாகக் குடைக்குள் செருகிக்கொண்டு கிளம்பினேன். தபால் நிலையம்வரை போய் வந்ததாகவே என் மனைவியும் சொல்கிறாள். இன்று மழைக்கு அந்தக் குடையை வலுவில் திறந்தபோது இரண்டும் என் தலையில் விழுந்தன. எதையும் மூன்று முறை கேட்டுச் சரிபார்க்கும் தங்கள் மகள், இந்த ஆறு நாளில் உறை போய்ச் சேர்ந்ததா என்று ஒருமுறைகூட என்னைக் கேட்கவில்லை. சற்றுமுன் விஷயத்தைச் சொன்னேன். பரவால்ல மாமா, நாளைக்கு ஆறு மணிக்குப் படகு என்றாள். மூக்குக்கண்ணாடி விழுந்த நிமிடத்தை நினைவில் வைத்திருப்பவன் இதை எப்படி மறந்தான் என்று தாங்கள் கட்டாயம் கேட்பீர்கள். அந்தக் கட்டத்தில் 99 என்று குறித்துக்கொள்ளவும்.