வாசலைப் பார்த்த சிம்மாசனம்

"அப்பா, எழும்புங்கோ. இந்தக் கதிரை இனி எனக்கு."

கஜந்தி இடுப்பில் கை வைத்து நின்றாள். துறைமுகத்தடி வீட்டின் ஹோலில், வாசலைப் பார்த்துப் போட்ட பெரிய கதிரையில், சுருட்டிய பேப்பரைக் கையில் பிடித்தபடி கனகசபை இருந்தார்.

"ஏன் பிள்ளை?"

"இது சிம்மாசனம்."

கம்பஸில் அவள் செய்யும் ஆய்வே அதுதான். டிவியில் ஓடும் மாயக் கோட்டைத் தொடரில் ராசா எல்லாக் கதவும் தெரிகிற இடத்தில் இருப்பார். ராணிக்கோ மூன்று நடைகூடம் தாண்டி, ஜன்னல் இல்லாத உள்ளறை. கட்டடம் என்பது வெறும் சுவரல்ல, யார் எங்கே இருக்கலாம் என்ற கட்டளை என்று எழுதி, கோட்டையின் வரைபடத்தையும் கையால் வரைந்திருந்தாள். வரைந்து முடித்தபோதுதான் நெஞ்சு எரிந்தது. சொந்த வீட்டிலும் அதே கோட்டை. அப்பா வாசலில், அம்மா குசினியில், அவள் அலுமாரிக்கும் சுவருக்கும் நடுவில் மடியில் கொப்பியோடு. மறுநாள் கடைசி அத்தியாயத்தைக் கொடுக்காவிட்டால் இந்த வருடம் பட்டம் இல்லை.

அப்பா மறுப்பார் என்று பெரிய பேச்சே தயார் செய்திருந்தாள். அவர் பேப்பரைப் போட்டுவிட்டு, தேத்தண்ணிக் கோப்பையோடு குசினிக்குள் போய்விட்டார். வென்ற சந்தோஷத்தில் அவர் போன வேகத்தை அவள் கவனிக்கவில்லை.

ஒரு வரி எழுதியிருப்பாள்.

"பிள்ளை, ஏணி இருக்கோ?" பக்கத்து வீட்டு ஷிஃபானா வாசலில் நின்றாள்.

ஏணியைக் கொடுத்துவிட்டு வந்தால் மீட்டர் பார்ப்பவர். அவர் போக, பிரகலாதன் வீடு எது என்று கேட்டு ஒருவர். வழி சொன்ன பிறகும் அவர் போகவில்லை.

"பொடியன் எப்பிடி, பொம்பிளை குடுக்கலாமோ?"

கஜந்தி கதிரையைத் திருப்பி வாசலுக்கு முதுகைக் காட்டினாள். மீன்கார இன்பாஸ், "தங்கச்சி, பாரை வச்சிருக்கன்" என்று பின்னால் வைத்துவிட்டுப் போனார். அவள் திரும்பியபோது பாரை பூனையின் வாயில் இருந்தது.

கதவைப் பூட்டினாள். தட்டுகிற சத்தம் கூடியது, கரண்டும் போய் ஹோல் புழுக்கத்தில் அவிந்தது.

"நான் எழும்பமாட்டன்" என்று சுவருக்குச் சொன்னாள்.

போதாததற்குக் குசினியிலிருந்து, அம்மாவிடம் குறை சொல்லும் அப்பாவின் குரல் விடாமல் வந்துகொண்டிருந்தது. "கோணேஸ்வரி, புளி கூடிப்போச்சு. உப்புப் போத்தலை ஏன் இங்க வச்சிருக்கிறாய்?"

காற்றுக்காகக் கதவை அகலத் திறந்தாள். காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, தலை நிமிராமல் எழுதினாள். உண்மையிலேயே நன்றாக வந்தது. முழங்கையருகே இருந்த தாளை யாரோ இழுப்பது போலிருந்தபோதுதான் பார்த்தாள். ஊருக்குள் திரிகிற மான் ஒன்று ஹோலுக்குள் நின்று, மாயக் கோட்டையை ராணியின் உள்ளறை வரைக்கும் தின்று முடித்திருந்தது.

"அப்பா, மான்."

அப்பா வரவில்லை. அம்மாதான் வந்தாள். கிடந்த பேப்பரைச் சுருட்டிக் கதவில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். மான் போய்விட்டது.

கஜந்திக்கு அழுகை வந்தது. ஆனாலும் கதிரையின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"நான் இந்த இடத்தை விடமாட்டன் அம்மா. இவ்வளவு காலமும் உங்களைக் குசினிக்குள்ள தள்ளிப்போட்டு, அப்பா இதில ராசா மாதிரி இருந்தவர்."

"ராசாவோ? எழும்படி" என்றாள் கோணேஸ்வரி. "கலியாணம் கட்டின புதுசில, என்ர குசினியை விட்டு அந்த மனுசனைக் கிளப்பி இதில காவலுக்கு இருத்த எனக்கு மூண்டு வருசம் பிடிச்சது."