பேத்தி போட்ட வரைபடம்

சர்வேயர் தாத்தா மூக்குக்கண்ணாடியை வேட்டித் தலைப்பில் துடைத்து மாட்டிக்கொண்டார். பள்ளிக்கூடம் கிளம்பும் அவசரத்தில் பேத்தி மேசைமேல் விட்டுப்போன ஓவியத்தை, வடக்கு மேலே வரும்படி திருப்பி வைத்தார். ஐந்து வயதுக் குழந்தையின் படம் என்பதற்காக வடக்கை விட்டுக்கொடுக்க முடியுமா?

நடுவில் ஒரு பெரிய உருவம். கையில் நீளமாக ஒரு கோல். காலடியில் வரிசையாகப் புள்ளிகள். மூலையில் உருண்டையாக ஏதோ ஒன்று.

"ஏம்மா, இங்க வா. இது யாருன்னு சொல்லு."

மனைவி ஈரக்கையோடு வந்து எட்டிப் பார்த்தாள். "நீங்களே சொல்லுங்க. படம் படிக்கிறது உங்க தொழிலாச்சே."

"நான்தான். கையில அளவுகோல். இதெல்லாம் எல்லைக்கல். என்ன நேரா நட்டிருக்கா பாரு."

"அட, ஆமாங்க. மூலையில இருக்கறது?"

தாத்தா தயங்கினார். "அது நீ. தூரத்துல நிக்கறதால சின்னதாத் தெரியற."

"உருண்டையாவும் தெரியறேன்."

"அது வந்து... ஸ்கேல்ல வர்ற சிக்கல்."

மனைவி கோபித்துக்கொள்ளவில்லை. முப்பத்தெட்டு வருடக் குடும்ப அனுபவத்தில் அவர் அங்கேயே உஷாராகியிருக்க வேண்டும். ஆனால் நெஞ்சு அப்போது பனியன் கொள்ளாத அளவுக்கு விரிந்திருந்தது.

"இதை ஹால்ல மாட்டணும்."

"மாட்டலாம். ஃபிரேமுக்கு எங்க போறது?"

இருவர் பார்வையும் சுவருக்குப் போனது. 'முப்பது ஆண்டு பிழையற்ற அளவைப் பணி' என்ற சான்றிதழ் அங்கே கண்ணாடிக்குள் இருந்தது. வீட்டுக்கு வருகிற யாரையும் தாத்தா அதை முழுக்கப் படித்துக்காட்டாமல் உட்காரவிட்டதில்லை. குழாய் சரிபார்க்க வந்தவர் ஒருமுறை நின்று கேட்டுவிட்டு, குழாயை மறந்து திரும்பிப் போய்விட்டார். அந்தச் சான்றிதழைக் கழற்றச் சொல்லி மனைவி எட்டு வருடமாகக் கேட்கிறாள். என் மூச்சு இருக்கும்வரை நடக்காது என்று அவரும் எட்டு வருடமாகச் சொல்கிறார்.

"அதைத் தொட வேணாங்க," என்றாள் மனைவி. "படம்தானே, அலமாரிக்குள்ள வெச்சிருவோம்."

"அலமாரிக்குள்ளயா? என் பேத்தி என்னைப் பாத்துப் போட்டதையா?"

அவரே ஸ்டூலில் ஏறினார். அவரே கழற்றினார். விழுந்துவிடாமல் ஸ்டூலை மட்டும் மனைவி அக்கறையாகப் பிடித்துக்கொண்டாள். சான்றிதழை உருவிவிட்டு ஓவியத்தை வைத்தால், அச்சில் வார்த்ததுபோல உட்கார்ந்தது.

"பாத்தியா? ஒரு நூல்கூட முன்னபின்ன இல்ல. இது ரத்தத்துல வர்றது."

"வேற எங்கேருந்து வரும்," என்றாள் மனைவி.

சாயங்காலம் பேத்தி ஒரு காலில் மட்டும் ஷூவோடு சுவரின் முன் நின்றாள்.

"என் படம்."

"ஆமா கண்ணு. இந்தப் பெரிய ஆளு யாரு, பாட்டிக்குக் கேக்கற மாதிரி சொல்லு."

"பாட்டி. கையில துடைப்பம்."

"அப்ப இந்தக் கல்லெல்லாம்?"

"கல்லு இல்ல தாத்தா, எறும்பு. பாட்டி விரட்டறாங்க."

மூலையைப் பற்றிக் கேட்காமல் விட்டிருக்கலாம். ஆனால் ஒரு மூலையை அளக்காமல் விட்டு அவருக்குப் பழக்கமில்லை.

"இது?"

"நீங்கதான். நாற்காலியில தூங்கறீங்க."

தாத்தா கிட்டே போய்ப் பார்த்தார். தொப்பை சரியாக இருந்தது. மூடிய கண்கள்கூடச் சரியாக இருந்தன. கை தேர்ந்த கைதான். மறுபடியும் பெருமை பொங்கியது.

"போகட்டும். பேப்பரை இவ்வளவு கச்சிதமா எப்படி வெட்டினே? அதைச் சொல்லு."

"நான் வெட்டல தாத்தா. நேத்து நீங்க தூங்கறப்ப பாட்டிதான் உங்க டேப்பால ஃபிரேமை அளந்து வெட்டிக் குடுத்தாங்க."

தாத்தா சமையலறைப் பக்கம் திரும்பினார். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"டேப்பை எடுத்த இடத்துலயே வெச்சுட்டேங்க."