உலான்பாத்தரிலிருந்து ஒன்றரை மணி நேரம்

“பதினோரு மணி நேரம் ஆகும் அத்தை. நடுவுல ரெண்டு தடவை விமானம் வேற மாறணும்” என்று போனில் கூசாமல் புளுகினான் தவாசூரன்.

மங்கோலியத் தலைநகர் உலான்பாத்தரிலிருந்து அவன் இருக்கும் சியோல் இரண்டாயிரம் கிலோமீட்டர். ஏறி உட்கார்ந்தால் மூன்று மணி நேரம், சொச்சம். ஆனால் பேசுவது மாமியார் செரெண்டுலம் ஆயிற்றே! சந்தையில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் அந்த அம்மாள் புத்தாண்டுக்கு மகள் வீட்டுக்கு வருகிறேன் என்கிறார். கல்யாணமான புதிதில், ஆடு உரிப்பதிலிருந்து தேநீர் உறிஞ்சுவது வரை மருமகனுக்குப் பாடம் நடத்தியவர். அந்தப் பாடத்துக்குப் பயந்துதான் அவன் கொரியாவில் வேலையே தேடிக்கொண்டான். இருப்பதோ இரண்டே அறை. தூரத்தைக் கேட்டால் மிரண்டுவிடுவார் என்று நினைத்தான்.

அவர் மிரளவில்லை. “அவ்ளோ தூரமா? அப்ப வந்த காலோட திரும்ப முடியாதே மாப்ளே. மூணு மாசமாவது இருந்துட்டுத்தான் போகணும்.”

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டோமே என்று இரவெல்லாம் புரண்டான். பக்கத்தில் மனைவி நோமின் நிம்மதியாகத் தூங்கினாள்.

மறுநாள் காலையிலேயே போன் போட்டு, நேராக வரும் புது விமானம் விட்டிருக்கிறார்கள், ஆறு மணி நேரம்தான் என்றான். மாமியாருக்கு ஏக சந்தோஷம். அப்படியானால் ஒன்றரை மாதம் போதுமாம். ஆனால் வழி இவ்வளவு சுலபமாகிவிட்டதால் அக்காவையும் கூட்டிக்கொண்டு வருவாராம்.

அக்கா என்பவர் மாமியாருக்கே பாடம் நடத்துபவர். இரண்டு பேரின் பாடத்தைத் தவாசூரனால் தாங்க முடியாது. ஆனது ஆகட்டும் என்று மூன்றாம் நாள் உண்மையையே சொல்லிப் பார்த்தான். மூன்று மணி நேரம். அதற்கும் மூன்று வாரமும் அக்காவும் என்றார். உண்மைக்கும் இந்த வீட்டில் மரியாதை இல்லையா என்று அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

இனி உண்மைக்குக் கீழே இறங்குவதைத் தவிர வழியில்லை. காற்று பின்னாலிருந்து தள்ளுகிற பருவம் இது, ஒன்றரை மணி நேரத்தில் கொண்டுவந்து போட்டுவிடுவார்கள் என்று ஒரே போடாகப் போட்டான்.

“ஒன்றரையா? இதுக்குப் போய் அக்கா எதுக்கு? தனியா வந்து மூணு நாள் இருந்துட்டுக் கிளம்பிடறேன்.”

மூன்று மாதத்தை மூன்று நாளாக அடித்துப் பேசிவிட்டான்! அன்றைக்கு அலுவலகத்தில் எல்லோருக்கும் பொரித்த கோழி வாங்கிக் கொடுத்தான்.

விமானம் வரும் நாளில் மட்டும் கொஞ்சம் உதறல். வழியில் மாமியார் கடிகாரத்தைப் பார்த்திருந்தால்? ஊருக்கு ஊர் நேரம் ஒரு மணி மாறும், மேகத்தில் நெரிசல் என்று நாலு சமாதானங்களை மனப்பாடம் செய்துகொண்டு விமான நிலைய வாசலில் நின்றான். மாமியார் ஒரே ஒரு கைப்பையோடு வெளியே வந்தார்.

“பயணம் ரொம்ப நேரம் ஆயிடுச்சா அத்தை?”

“நீங்க சொன்ன அதே ஒன்றரை மணி நேரம்தான் மாப்ளே. கண்ணை மூடித் தொறக்கறேன், வந்துட்டுது.”

அவனுக்குத் தலைகால் புரியவில்லை. அவன் சொன்ன பொய்க்கு விமானமே கட்டுப்பட்டிருக்கிறது! நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அவர் கைப்பையை வாங்கினான்.

அதற்குள் வேன் ஓட்டுநர் ஒருவர் சிரித்துக்கொண்டே ஓடி வந்து அதை வெடுக்கென்று பிடுங்கினார்.

“வாங்கம்மா, ஆறு வருசமா மாசாமாசம் கடைக்குத் துணி எடுக்க இங்க வர்றீங்க, ஒரு தடவையாவது மூணு நாளுக்கு மேல தங்கினதுண்டா? அதே ரூம்தான் போட்டிருக்கேன். ஆமா, இவரு யாரு, மூட்டை தூக்கப் புதுசா வச்ச ஆளா?”