டைனமோ அண்ணனும் வாசல் சுவிச்சும்

மாத்தளை மாவட்டத்தில் இருட்டுக்குப் பயப்படாத ஆட்கள் நிறையப் பேர் இருப்பார்கள். இருட்டே பயந்து ஒதுங்கிப் போன ஆள் ஒருவர்தான். அவர் எங்கள் டைனமோ அண்ணன். நாலந்தாவிலிருந்து ரிவர்ஸ்டன் உச்சி வரைக்கும் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். தெரியாது என்று சொன்னால் அந்த ஆள் வெளியூர்.

பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று அவருக்கும் இருந்தது. அது அடையாள அட்டைக்கு மட்டும். இரத்தோட்டையில் பஸ் ஏறி "டைனமோ வீட்டடி" என்று சொன்னால், கண்டக்டர் சரியான வளைவில் இறக்கிவிடுவார்.

தேயிலைத் தொழிற்சாலையில் இஞ்சின் அறையில் வேலை பார்த்தவர். தொழிற்சாலையை மூடியபோது மற்றவர்கள் எல்லாம் சேமலாபப் பணத்தைப் பற்றிக் கவலைப்பட்டார்கள். இவர் மூலையில் துருப்பிடித்துக் கிடந்த ஒரு பழைய டைனமோவைப் பற்றிக் கவலைப்பட்டார். கேட்டு வாங்கி ஓட்டோவில் ஏற்றினார். பின்பக்கக் கனத்தில் ஓட்டோவின் முன்சக்கரம் வானத்தைப் பார்த்தது. முன்னுக்குக் கனம் வேண்டும் என்று சொல்லி, தன் மனைவியை டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார வைத்துக் கொண்டுவந்து சேர்த்தார். அண்ணி அதை இன்னும் மன்னிக்கவில்லை.

வீட்டுக்குக் கீழே ஓடை. மேலேயிருந்து குழாய் போட்டுத் தண்ணீரை இறக்கி, ஒரு சக்கரத்தைச் சுற்ற வைத்து, அந்தச் சக்கரத்தை டைனமோவோடு மாட்டினார். பல்பு எரிந்தது. அன்றோடு மனிதருக்குத் தலை கால் புரியவில்லை. பட்டப்பகலில் போனாலும் பல்பைப் போட்டுத்தான் "வா தங்கச்சி" என்பார். மெழுகுதிரி, டோர்ச், குப்பி விளக்கு எதுவும் அந்த வீட்டுக்குள் வரக்கூடாது. சாமிப் படத்துக்குக்கூடச் சின்னச் சிவப்பு பல்புதான். மெஷினுக்கு அவர் வைத்த பேர் மூத்தவ. உண்மையில் பெற்ற மகள் விஜி இரண்டாவதாகிவிட்டாள்.

"இந்த மூத்தவளை எவன் தலையிலயாவது கட்டிக் குடுத்துட்டு, இளையவளுக்கு ஒரு மாப்பிள்ள பாருங்க" என்று அண்ணி சொல்வார்.

"மூத்தவ இருக்கையில இளையவளுக்குப் பார்க்கிறது முறையில்ல புள்ள" என்பார் அவர்.

பிறகு எங்கள் பக்கத்துக்கும் கம்பம் வந்தது, கம்பி வந்தது, மின்சார ஆபீஸ்காரர்களின் கந்தோர் கரண்டு வந்தது. அண்ணி சண்டை போட்டு அந்தக் கரண்டையும் வீட்டுக்கு எடுத்தார். வீட்டுக்குள்ளே ஒரு மெயின் சுவிச்சு. அதை அணைத்தால் கந்தோர் கரண்டு நின்றுவிடும். பிறகு மெஷின் கரண்டை விடலாம். இரண்டும் ஒன்றாக இருக்கக்கூடாது. இதைச் சொன்னவன் என் மகன் அந்தோணி. அவன் கரண்டு கந்தோரில் கம்பத்தில் ஏறி வேலை செய்கிறவன். சேசு புண்ணியத்தில் நல்ல வேலை. கொழுந்து பறித்து நான் ஆளாக்கிய பிள்ளை. அவன் கம்பத்தில் நிற்கும்போது கீழே நின்று பார்த்தால் எனக்குக் கழுத்து வலிக்கும், ஆனாலும் பார்ப்பேன்.

ஒரு மழைக்காலத்தில் டர்பன்டைன் மரம் ஒன்று கம்பியில் சாய்ந்தது. ஊருக்கே கரண்டு இல்லை. அந்தோணியும் கூட்டாளிகளும் வந்து, டிரான்ஸ்போமரில் அணைத்துவிட்டு மரத்தை வெட்டினார்கள். நான் அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தேன். என் தலைக்கு மேலே பல்பு மெல்ல மெல்லச் சிவந்தது. பழுத்த மிளகாய் மாதிரி ஒரு வெளிச்சம். பக்கத்து வீட்டுப் பெண்கள் "கரண்டு வந்திருச்சு!" என்று கத்தினார்கள். எனக்குக் கை மாவோடு நின்றுவிட்டது. கரண்டு எப்படி வரும்? என் மகன் இன்னும் கம்பத்தில் அல்லவா இருக்கிறான்?

மாவுக் கையோடு ஓடினேன். அந்தோணி உயிரோடுதான் நின்றான். கம்பியைத் தொடுவதற்கு முன்னால் ஒரு கருவியை நீட்டிப் பார்ப்பது அவன் வழக்கம். அது கீச்சென்று கத்தியிருக்கிறது. கையை இழுத்துக்கொண்டு இறங்கிவிட்டான். முகம் வெள்ளைத் துணி மாதிரி இருந்தது.

நேரே டைனமோ அண்ணன் வீட்டுக்குப் போனோம். மனிதர் எரிகிற பல்புக்குக் கீழே உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, மெயினை அணைச்சீங்களா?"

"அணைச்சேன் தங்கச்சி. நான் என்னா சின்னப் புள்ளயா?"

அந்தோணி உள்ளே போய்ப் பார்த்தான். மெயின் போட்டபடியே இருந்தது.

"மாமா, ஒங்க மெஷின் கரண்டு வெளிக் கம்பிக்கு வந்திருச்சு. டிரான்ஸ்போமருக்குள்ள திரும்பிப் போனா அது பெரிய கரண்டா மாறும். ஆளைக் கரியாக்கிரும்."

"என் மூத்தவ ஒன்னைக் கடிப்பாளா டேய்? நீ நான் தூக்கி வளர்த்த புள்ள."

"அவளுக்கு அது தெரியாது மாமா."

நான் அன்று பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. மாதா படம் வீட்டில் இருக்கிறது. தப்பு என்று டைனமோ அண்ணன் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. அதுதான் எனக்கு அப்போது ஆத்திரம்.

கந்தோரிலிருந்து தொப்பி போட்ட ஒரு சிங்கள அதிகாரி மாத்தயா வந்தார். மெஷின் ஓட்டுவதென்றால் வாசலில், பாதையோரமாக, கந்தோர் ஆட்கள் யாரையும் கேட்காமல் தொடக்கூடிய இடத்தில் ஒரு சுவிச்சு வைக்க வேண்டும் என்றார். கைப்பிடியைக் கீழே இழுத்தால் மெஷின் கரண்டு அங்கேயே அறுந்துவிடும். கம்பத்தில் ஏறுகிறவர் தன் சொந்தப் பூட்டை அதில் போட்டு, சாவியைப் பையில் வைத்துக்கொண்டுதான் ஏறுவார்.

டைனமோ அண்ணன் குதித்தார்.

"என் வீட்டு வெளிச்சத்துக்கு ரோட்டுல பூட்டா? நாளைக்குச் சோத்துப் பானைக்கும் பூட்டுப் போட வருவீங்களா மாத்தயா?"

மாத்தயாவுக்குத் தமிழ் பாதிதான் தெரியும். அவர் சரி சரி என்பதைச் சிங்களத்தில் சொல்லி, "ஹரி ஹரி, சோறு பிரச்சினை இல்லை" என்றார்.

சுவிச்சு வந்தது. சாம்பல் நிறப் பெட்டி, சிவப்புக் கைப்பிடி. அதோடு அந்த வீட்டில் ஆட்சி மாறியது. வீட்டுக்கு வெளியே நின்று வீட்டை அடக்கலாம் என்று முதலில் கண்டுபிடித்தவர் அண்ணிதான். டைனமோ அண்ணன் மூத்தவளின் கரண்டில் டீவி போட்டுக் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருப்பார். கடைசி ஓவர். அண்ணி குடையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வாசலுக்குப் போய்க் கைப்பிடியைக் கீழே இழுப்பார்.

"அடியே! போடுடி!"

"வெறகு பொளந்து தாறீங்களா?"

"தாறேன், போடு!"

"தேங்கா?"

"உரிக்கிறேன்டி, போட்டுத் தொலை!"

பாதையில் போகிறவர்கள் நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். சில பெண்கள் தங்கள் வீட்டுக்கும் அப்படி ஒன்று கிடைக்குமா என்று அந்தோணியிடம் விசாரித்தார்கள்.

மழையில் நனைகிறது என்று டைனமோ அண்ணன் பெட்டிக்கு மேலே தகரத்தில் ஒரு கூரை போட்டார். கூரைக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்தார். அதுதான் வினை. தோட்டத்தின் அடுத்த டிவிஷனிலிருந்து கொழுந்து பறிக்க வந்த பெண்கள் பாதையோரம் குட்டிக் கோயில் ஒன்று புதிதாக வந்திருக்கிறது என்று நினைத்து, செம்பரத்தம்பூ வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். ஒருத்தி கற்பூரமும் கொளுத்தினாள். டைனமோ அண்ணன் பார்த்துக்கொண்டே நின்றார், ஒரு வார்த்தை சொல்லித் தடுக்கவில்லை. அடுத்த முறை அந்தோணி பூட்டுப் போட வந்தபோது, "சப்பாத்தைக் கழட்டிட்டுத் தொடு" என்றாராம்.

"மாமா, கரண்டு வேலைக்கு இந்த இறப்பர் சப்பாத்துதான் எனக்கு உயிரு."

அதைக் கேட்டதும் மனிதர் முகம் மாறி, "அப்ப கழட்டாத. நாளைக்கும் கழட்டாத" என்று சொல்லிவிட்டு, பூவையெல்லாம் தன் கையாலேயே எடுத்தாராம். அந்தோணி சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் அப்போதும் அவரோடு சரியாகப் பேசத் தொடங்கவில்லை.

இப்படி இருக்கும்போது விஜியைப் பெண் பார்க்க மாத்தளை டவுனிலிருந்து வருகிறார்கள் என்று சேதி வந்தது. நல்ல இடம். ஹார்ட்வெயார் கடைக்காரர் குடும்பம். டைனமோ அண்ணன் ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தார்: "நாட்டுல எங்க கரண்டு போனாலும் என் வீட்டுல போகாது. வந்து பார்க்கட்டும்!" வீடு முழுக்க, முற்றத்துப் பலாமரம் வரைக்கும் பல்பு கட்டினார். அண்ணி கைமுறுக்கு சுட்டார். நான் விஜிக்காக, அவள் முகத்துக்காக மட்டும் போனேன்.

அன்று காலையிலேயே காற்று. மேல் பாதையில் கம்பி அறுந்து, கரண்டு போனது. அந்தோணி வந்தான். கைப்பிடியை இழுத்து, தன் பூட்டைப் போட்டு, சிவப்பு அட்டையைத் தொங்கவிட்டான்.

"மன்னிச்சிருங்க மாமா. இன்னைக்குன்னு பார்த்து..."

"போ போ, வேலையைப் பாரு" என்றார் அவர். குரல் சரியாக இல்லை.

அவன் கம்பத்தில் ஏறிய நேரம் மாப்பிள்ளை வீட்டு வேன் வந்து நின்றது. ரிவர்ஸ்டன் பக்கமிருந்து மூடுபனி இறங்கி வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. பக்கத்தில் இருப்பது பெண்ணா, அலுமாரியா என்று தெரியவில்லை. அந்த வீட்டில் ஒரு மெழுகுதிரி கிடையாது, ஒரு குப்பி விளக்கு கிடையாது. கீழே ஓடையில் மூத்தவள் மட்டும் கடகடவென்று சும்மா சுற்றிக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளைக்குப் பெரியப்பா ஒருவர். கடை அவருடையது. இருட்டில் நாற்காலியைத் தேடி முழங்காலை இடித்துக்கொண்டார்.

"இதுதான் கரண்டே போகாத வீடா?" என்றார். அவர் ஆட்கள் சிரித்தார்கள்.

அண்ணி கண்ணைத் துடைத்தார். விஜி சேலையோடு அடுப்படியில் நின்றாள். டைனமோ அண்ணனைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. வாழ்நாள் பெருமை எல்லாம் ஒரு சின்னப் பூட்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

பெரியப்பா வெளியே போய்ப் பெட்டியைப் பார்த்தார்.

"இது என்னா, சுண்டுவிரல் பூட்டு! வேன்ல இரும்பு அறுக்கிற வாள் இருக்கு. ரெண்டு இழுப்புல அறுத்துத் தாறேன். உள்ளுக்கு மெயினை அணைச்சிட்டா போதும், வெளியில போகாது. நான் இந்தச் சாமான் விக்கிற ஆளு, எனக்குத் தெரியாதா?"

பனியில் கம்பம் தெரியவில்லை. மேலே இரும்பு தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. என் பிள்ளை. இந்த மனிதரோ ஒரு பல்பு எரிவதற்காகப் பொண்டாட்டியை ஓட்டோவின் முன்னால் ஏற்றியவர்.

டைனமோ அண்ணன் உள்ளே போனார். அடுப்படியிலிருந்து முக்காலியைத் தூக்கி வந்தார். சுவிச்சுப் பெட்டிக்கு முன்னால் போட்டார். பட்டு வேட்டியோடு அதில் உட்கார்ந்தார்.

"யாரும் கிட்ட வரக்கூடாது" என்றார்.

"நான்தான் சொல்றேனே, மெயினை அணைச்சிட்டாப் போதும்."

"அன்னைக்கும் அணைச்சதாத்தான் நெனச்சேன்" என்றார் டைனமோ அண்ணன்.

பெரியப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு உள்ளே போய் முறுக்கு எங்கே என்று தடவினார். மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரை பெட்டிக்கு மட்டும்தான் போதும். மனிதர் முழுக்க நனைந்தார். நான் வீட்டுக்கு ஓடி, மாதா படத்துக்கு முன்னால் இருந்த மெழுகுதிரிகளை அள்ளி வந்தேன். அந்த வீட்டுக்குள் முதல் முதலாக மெழுகுதிரி எரிந்தது. அந்த வெளிச்சத்தில் விஜி தேத்தண்ணித் தட்டோடு வந்தபோது, பல்பு போட்டிருந்தால் இவ்வளவு அழகாக இருந்திருப்பாளா என்று எனக்கே சந்தேகம்.

ஆனால் பார்க்க வேண்டிய மாப்பிள்ளை உள்ளே இல்லை. தேடினோம். சுரேஷ் என்று பேர், மெலிந்த பையன். பெண்ணைக்கூடப் பார்க்காமல் வாசலில் நின்று டைனமோ அண்ணனுக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தான். விஜி தட்டோடு வாசலுக்கே போனாள். தேத்தண்ணியில் மழை விழுந்தது. அவன் அப்படியே குடித்தான். வேறு என்ன பேச்சு இருக்கிறது? முடிந்தது விஷயம்.

அந்தோணி இறங்கி வந்து பூட்டைத் திறந்தபோது, டைனமோ அண்ணன் எழும்பி வேட்டியைப் பிழிந்தார். "இவ்வளவு நேரமாடா ஒரு கம்பியைக் கட்டுறதுக்கு?" என்று ஏசினார். நான் மெழுகுதிரியோடு நின்றேன்.

"அத அணை தங்கச்சி" என்றார். "வீட்டுக்கு அவமானம்."

அன்றைக்குத்தான் நான் மறுபடியும் அவரோடு பேசினேன். "வாய மூடிக்கிட்டுத் தலையத் தொடைங்க அண்ணே" என்றேன்.

அதற்குப் பிறகு அந்தோணி எங்கள் பக்கம் எப்போது கம்பத்தில் ஏறினாலும் முக்காலி வாசலுக்கு வந்துவிடும். பூட்டுத்தான் இருக்கிறதே என்று கேட்டால், "பூட்டுக்குக் கண்ணு இருக்கா?" என்பார்.

இப்போது அண்ணனும் அண்ணியும் இங்கே இல்லை. முழங்கால் ஏற்றம் இறக்கத்துக்கு ஒத்துவரவில்லை என்று, விஜியும் சுரேஷும் நாலந்தாவில் தங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். வீட்டுச் சாவியை அண்ணி என்னிடம் தந்தார். மூத்தவளை அண்ணன் தந்தார். அந்தோணி ஏறுகிற நாளில் முக்காலியில் நான்தான் உட்காருகிறேன்.

ஏறுவதற்கு முன்னால் அவன் நாலந்தாவுக்கு ஒரு போன் போடுவான்: "மாமா, பூட்டிட்டேன்." போன மாதம் விஜி என்னிடம் முறையிட்டாள்.

"அத்தை, அந்தோணி அண்ணன் போன் வந்தா அப்பா நாற்காலியைத் தூக்கிக்கிட்டு வாசல்ல போய் ஒக்காந்துர்றாரு. சாப்பிடக் கூப்பிட்டாலும் வாறதில்ல. இங்க சுவிச்சும் இல்ல, பூட்டும் இல்ல, வெறும் மதிலைப் பார்த்துக்கிட்டு இருக்காரு. எறங்கிட்டேன்னு மறு போன் வந்தாத்தான் எழும்புறாரு."

"இருக்கட்டும் புள்ள" என்றேன். "வெயில் படாம ஒரு குடை மட்டும் புடி."