சுவரொட்டியில் ஒரு முகம்

சுவரொட்டியில் ஒரு மலாய் முகம் குறைகிறது என்று துறைத்தலைவர் லிம் சொன்னபோது, துவாரகனுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

இயற்பியல் துறையின் சமத்துவக் குழுவுக்கு அவர்தான் செயலாளர். ஆய்வகத்தில் மாணவர்கள் தாங்களாகவே ஜோடி சேரும்போது இந்தியப் பிள்ளைகளும் மலாய்ப் பிள்ளைகளும் கடைசியில் மிஞ்சி நிற்பதைப் பார்த்துப் பார்த்து, தலைவரை ஒரு வருடம் நச்சரித்து உண்டாக்கிய குழு அது. படிக்கிற காலத்தில் அவரும் அதே ஆய்வகத்தில் அப்படி மிஞ்சி நின்றவர்தான். லிம் ஒருவழியாகச் சம்மதித்தார். முதலில் சுவரொட்டி, மற்றதெல்லாம் பிறகு என்றார். சீன முகத்துக்கு லிம், இந்திய முகத்துக்குத் துவாரகன். மூன்றாவது இடம் காலி.

அந்த மாதம்தான் டாக்டர் சல்மா வேலைக்குச் சேர்ந்திருந்தார். தலையில் முக்காடு, பேச்சு முழுக்க ஆங்கிலம். துவாரகன் அவருடைய அறைக்கே போய், மலாய்ச் சமூகத்தின் சார்பில் குழுவில் இருக்க முடியுமா என்று கேட்டார்.

அதற்கு முன்னால் ஒன்று சொல்ல வேண்டும் என்று சல்மா ஆரம்பித்தார். துவாரகன் கையமர்த்தினார். அந்தத் தயக்கம் அவருக்குத் தெரியாததா? யாரும் எதற்கும் வற்புறுத்த மாட்டார்கள் என்று உறுதி சொல்லிவிட்டு, மறுநாள் படமெடுக்க வரச் சொன்னார்.

சல்மா எல்லாரையும் போலச் சட்டையும் பேண்டுமாக வந்தார். படத்தைப் பார்த்த லிம், மலாய் என்றே தெரியவில்லையே என்று உதட்டைப் பிதுக்கினார். துவாரகன் கேலாங் சிராய் கடைத்தெருவுக்கு ஓடிப்போய் மலாய்ப் பெண்கள் உடுத்தும் பாஜு கூரோங் ஒன்று வாங்கி வந்தார். அதைக் கையில் வாங்கும்போது சல்மா மறுபடியும் வாயெடுத்தார். உங்கள் பண்பாட்டை மதிப்பது எங்கள் கடமை, நன்றியெல்லாம் வேண்டாம் என்று துவாரகன் சொல்லிவிட்டார்.

படம் நன்றாக வந்ததுதான் வினை. தொடக்க விழாவில் இவரே மலாயில் வரவேற்கட்டும் என்றார் லிம். சந்தையில் மீன் வாங்குகிற அளவுக்குத்தான் தனக்கு மலாய் வரும் என்றார் சல்மா. தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்ட துவாரகன், கணினியிலேயே ஓர் உரையை மொழிபெயர்த்து அவர் கையில் கொடுத்தார்.

விழாவில் சல்மா தட்டுத்தடுமாறி அதை வாசித்து முடித்தார். முன்வரிசை மலாய் மாணவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி எழுந்து, ஆய்வகத்தில் ஜோடி சேர்ப்பதைப் பற்றி எப்போது பேசுவீர்கள் என்று கேட்டாள். நேரமாகிவிட்டது என்று சொல்லி லிம் அவளுக்கு ஒரு சுவரொட்டியைக் கொடுத்தார்.

துவாரகனுக்கு மனசே விட்டுப்போயிற்று. சல்மாவோடு லிஃப்டில் இறங்கும்போது மனைவி மதுராவிடமிருந்து போன் வந்தது. ஒதுங்கிப் பேச இடமில்லை. தமிழ்தானே என்று அங்கேயே பேசினார்.

"ஒண்ணும் சரியில்ல மதுரா. அந்தப் பொண்ணு கேட்டதுதான் விஷயமே, யாரும் காது கொடுக்கல. நம்ம மலாய் மேடம் வேற சொந்த மொழியையே மறந்துட்டாங்க லா. பாவம், பக்கத்துலதான் நிக்கிறாங்க."

லிஃப்ட் கீழே வந்து நின்றது. சல்மா வெளியே ஒரு கால் வைத்துத் திரும்பினார்.

"மறக்கல சார். இப்ப நீங்க போன்ல பேசினீங்களே, அதுதான் எங்க மொழி."