தவளைத் தட்டின் நன்னடத்தைச் சான்று

ஒரு பொருள் வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள அதை வேலை செய்ய விட்டுப் பார்ப்பது காட்டுமிராண்டிகளின் வழக்கம். நாகரிகம் முதிர்ந்த இடங்களில் அதற்கென்று ஒரு குழு அமைப்பார்கள். அந்த வகையில், நீர்வாழ் உயிரின ஆய்வு நிறுவனம் நாகரிகத்தின் உச்சாணிக் கொம்பில் உட்கார்ந்திருந்தது. அங்கே மின்விசிறி சுற்றுகிறதா என்று பார்க்கவே ஒரு குழு உண்டு. அதன் அறிக்கை வரும்வரை விசிறியின் கீழ் உட்கார்ந்திருப்பவர்கள் வியர்ப்பது, முடிவை முன்கூட்டியே வெளியிட்ட குற்றமாகும்.

இப்பேர்ப்பட்ட நிறுவனத்தின் துணை இயக்குநரிடம்தான் அந்த வன்தட்டு வந்து சேர்ந்தது. வாய்ப்பேச்சில் ஹார்ட் டிஸ்க். கோப்பில் ஏறிவிட்டதால் வன்தட்டு.

தட்டு புதியதல்ல. கணக்குப் பிரிவு ஐந்து ஆண்டுகள் அதை மாடாக உழைக்க வைத்துவிட்டுத் தவளை ஆராய்ச்சிக்கு 'அன்பளிப்பாக' அளித்திருந்தது. ஆராய்ச்சி செய்த பெண்ணின் பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டுமே தெரியும். மற்ற எல்லோருக்கும் அவள் தவளையம்மா. நிறுவனத்துக்குப் பின்னால் இருந்த குளத்தில், கட்டைவிரல் அளவில் ஒரு தவளை இருந்தது. நாக்கைச் சொடுக்குவதுபோல் 'டக், டக்' என்று கூப்பிடும். உலகத்தில் வேறெங்கும் அந்தக் குரல் இல்லை என்று அவள் சொன்னாள். நான்கு வருடம் சேற்றில் உட்கார்ந்து அதைப் பதிவு செய்தாள். பிறகு நிறுவனம் குளத்தை மூடி வாகன நிறுத்துமிடம் கட்டியது. ரிப்பன் வெட்டியவர் துணை இயக்குநர். ஆக, அந்தத் தவளைகள் இப்போது குடியிருப்பது ஒரே இடத்தில்: அந்தத் தட்டில்.

ஒரு நாள் தட்டைச் சோதித்த மென்பொருள் மஞ்சள் நிறம் காட்டியது. தவளையம்மா பதறிப்போய் ஒரு புதுத் தட்டு கேட்டாள். அது முடியாவிட்டால் தன் சொந்தத் தட்டில் ஒரு நகலாவது எடுத்துக்கொள்ள அனுமதி கேட்டாள். நிறுவனத் தரவை வெளியாள் தட்டில் ஏற்றக் கூடாது என்பது விதி. விதியை மதித்து நான்கு வருடம் நகலே எடுக்காமல் இருந்த முட்டாள் அந்த நிறுவனத்தில் அவள் ஒருத்திதான்.

துணை இயக்குநர் உடனடியாகச் செயல்பட்டார். 'பயன்படுத்தப்பட்ட வன்தட்டின் நம்பகத்தன்மையை நம்பகமாக நிர்ணயிக்கும் குழு' அன்றே பிறந்தது.

முதல் கூட்டத்தில் கணினிப் பொறுப்பாளர் தட்டின் உடல்நல அறிக்கையை வாசித்தார். எதிலும் மாட்டிக்கொள்ளாத மனிதர் அவர். மணி என்ன என்று கேட்டால், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, “பாக்கணும் சார்” என்பார்.

“இடமாற்றம் செய்யப்பட்ட பகுதிகள், இருநூத்திப் பத்து.”

துணை இயக்குநர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அப்படின்னா?”

“டிஸ்க்ல ஒரு இடம் சரியா வேலை செய்யலைன்னா, அதை ஓரங்கட்டிட்டு அந்த வேலையை வேற இடத்துக்கு மாத்திடும் சார். வெளியில யாருக்கும் தெரியாது.”

“யாரும் சொல்லாமலேயா?”

“தானாவே சார்.”

துணை இயக்குநருக்கு மெய் சிலிர்த்தது. அவரையும் இப்படித்தான், போன இடத்திலெல்லாம் ஓசைப்படாமல் ஓரங்கட்டி அடுத்த இடத்துக்கு மாற்றியிருந்தார்கள். ஒவ்வொரு மாற்றமும் பதவி உயர்வாக முடிந்து, அவர் துணை இயக்குநர்வரை வந்துவிட்டார். “நிர்வாகம்னா இது நிர்வாகம். அடுத்தது?”

“நிலுவையில உள்ள பகுதிகள், நாப்பது. படிக்க முடியல. ஆனா கெட்டுப்போச்சுன்னும் முடிவு பண்ணல. அப்புறமாப் பாத்துக்கலாம்னு வெச்சிருக்கு.”

எல்லோருடைய கண்களும் துணை இயக்குநரின் மேசைமேல் குன்றுபோல் கிடந்த கோப்புகளில் ஒரு கணம் படிந்து, மரியாதையாகத் திரும்பின.

“இதுல கோளாறு எங்க இருக்கு?” என்றார் அவர்.

“கடைசியா, திருத்த முடியாத பிழைகள், ரெண்டு.”

“ரெண்டே ரெண்டா!” என்று கணக்கு அலுவலர் ஏங்கினார். “எங்க பிரிவுல மொத்தமே ஒம்பது பேர் சார். ரெண்டோட நின்னுருந்தா நான் ராத்திரி நிம்மதியாத் தூங்குவேன்.”

தவளையம்மா பொறுக்கமாட்டாமல் எழுந்தாள். “சார், அது நமக்குச் சொல்ற எச்சரிக்கை சார் இதெல்லாம். 'நான் போகப்போறேன், உள்ளே இருக்கறதை எடுத்துக்குங்க'ன்னு கத்துது. ஒரே ஒரு நகல் எடுத்துக்கறேன்.”

“உக்காருங்கம்மா,” என்றார் துணை இயக்குநர். “நகல் எடுத்தா என்ன அர்த்தம்? அது மேல நமக்கு நம்பிக்கை இல்லைன்னு அர்த்தம். குழு சொல்றதுக்கு முன்னாடி நீங்களே தீர்ப்பு எழுதறீங்க. தவிர, நகல் இருந்துட்டா இதை நம்ப வேண்டிய அவசியமே போயிடும். அப்புறம் இந்தக் குழு எதுக்கு?”

“அதைத்தான் சார் நானும் கேக்கறேன்.”

இது கூட்டக் குறிப்பில் சேர்க்கப்படவில்லை.

“அப்படியே போனாலும் மறுபடிப் பதிவு பண்ணிக்கங்களேன்,” என்று துணை இயக்குநர் கனிவோடு சொன்னார். “தவளைதானே, எங்க போயிடப்போகுது?”

“அந்தக் குளத்து மேலதான் சார் உங்க கார் நிக்குது.”

“நிழல்லதானே நிக்குது?” என்று அவர் கவலையோடு ஜன்னலை எட்டிப் பார்த்தார்.

தட்டு, 'ஆய்வுக்கு உட்பட்ட பொருள்' என்று அரக்கு முத்திரை பெற்று அவருடைய இரும்பு அலமாரிக்குள் போனது. இனி அதைக் குழுவைத் தவிர வேறு யாரும் தொட முடியாது. குறிப்பாக, அதனால் பயன் உள்ள யாரும்.

தட்டின்மேல் துணை இயக்குநருக்கு இருந்த பரிவை வெறும் கடமை என்று சொல்லிவிட முடியாது. அவர் ஓய்வு பெறும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. பணி நீட்டிப்புக்கு விண்ணப்பித்திருந்தார். அதற்கு உடல்நலச் சான்று வேண்டும். 'பழசு', 'தேய்ந்தது', 'இனி நம்ப முடியாது' போன்ற சொற்கள் அலுவலகத்தில் யாருக்கு எதிராக எழுந்தாலும் அவர் உடனே பேச்சை மாற்றிவிடுவார்.

அன்று மாலை வீட்டுக் கூடத்தில் குனிந்து காலைத் தொடும் பயிற்சியில் இருந்தார். முழங்கால் 'டக்' என்றது.

“இந்தச் சத்தத்தை டாக்டர்கிட்ட சொன்னீங்களா?” என்றாள் மனைவி, துணி மடித்துக்கொண்டே.

“கேட்டாத்தானே சொல்லணும்?”

“சரி, அந்தத் தவளைப் பொண்ணு விஷயம் என்னாச்சு? பாவம், நாலு வருஷம் சேத்துல கிடந்த பொண்ணு.”

“ஆய்வுல இருக்கு.”

“ஏங்க, நம்ம பொண்ணு கல்யாண ஃபோட்டோவை நம்ம கம்ப்யூட்டர்ல ஒண்ணு, பென் டிரைவ்ல ஒண்ணு, உங்க தம்பி வீட்டுல ஒண்ணுன்னு மூணு இடத்துல வெச்சிருக்கீங்க. அந்தப் பொண்ணுக்கு ஒரு காப்பி குடுத்தா என்ன?”

“அது வீடு. இது அலுவலகம்,” என்றார் அவர். “வீட்டுல எதையும் நம்பக் கூடாது.”

குழு சும்மா இருக்கவில்லை. தட்டு சுற்றிய வேகத்தைவிட அதைப் பற்றிய சுற்றறிக்கை வேகமாகச் சுற்றியது. முழுத் தட்டையும் முதல் மூலையிலிருந்து கடைசி மூலைவரை படித்துப் பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. முடிய இரண்டு நாள் பிடிக்கும். தலைவருக்கு ஒன்று, உறுப்பினர்களுக்கு ஒன்று, கோப்புக்கு ஒன்று, கோப்பில் வைத்தது காணாமல் போனதால் இன்னொன்று என்று சோதனை ஓய்வொழிச்சல் இல்லாமல் நடந்தது.

“சோதிக்கச் சோதிக்கத் தேயலாம் சார்,” என்றார் கணினிப் பொறுப்பாளர். “தேயாமலும் இருக்கலாம்.”

“அப்ப தேயாம சோதிங்க.”

கணக்கு அலுவலர் தம் பங்குக்கு, ஓடிக்கொண்டிருந்த தட்டைத் தர்ப்பூசணியைத் தட்டிப் பார்ப்பதுபோல் விரலால் தட்டி, காதை வைத்துக் கேட்டு, “நல்லா முத்தியிருக்கு” என்று எழுதிக் கொடுத்தார். தவளையம்மா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள்.

அடுத்தது முன்நடத்தை விசாரணை. முன்பு தட்டை வைத்திருந்தவர் என்ற முறையில் கணக்கு அலுவலரே சாட்சி. விசாரிக்கும் உறுப்பினரும் அவரே என்பதால் அவர் நாற்காலியை மாற்றிப் போட்டு உட்கார்ந்துகொண்டார். ஆனால் கேள்வி கேட்டது தவளையம்மா.

“உங்ககிட்ட இருந்தப்ப ஒழுங்கா இருந்துச்சா சார்?”

“தங்கமா இருந்துச்சு.”

“அப்புறம் ஏன் சார் எனக்குக் குடுத்தீங்க?”

“எங்களுக்குப் புதுசு வந்துச்சு.”

“ஏன் புதுசு கேட்டீங்க?”

“இது பழசாயிடுச்சு. திடீர்னு போயிட்டா கணக்கெல்லாம் போயிடுமே.”

“என் தவளை போனா?”

“தவளையை யாரும்மா தணிக்கை பண்ணப் போறாங்க?”

தட்டைத் தட்டிப் பார்த்தவர் கேள்வியையும் தட்டிக் கழித்தார். 'முன்நடத்தை திருப்திகரம்' என்று பதிவானது.

கடைசிக் கூட்டம். நேரத்தை மிச்சப்படுத்தும் பொருட்டு, 'இவ்வன்தட்டு முற்றிலும் நம்பகமானது' என்ற சான்றில் துணை இயக்குநர் கூட்டம் தொடங்குமுன்பே கையெழுத்திட்டு, முத்திரையும் குத்திவிட்டார். பாக்கி இருந்தது நேரடி ஒலிச் செயல்விளக்கம் மட்டும். தட்டிலிருந்து தவளைக் குரலைக் குழு தன் காதாலேயே கேட்க வேண்டும்.

முத்திரை உடைக்கப்பட்டது. கணினிப் பொறுப்பாளர் தட்டை இணைத்தார். சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு எழுந்தது அந்த ஒலி.

டக். டக். டக்.

துணை இயக்குநர் கண்களை மூடிக்கொண்டார். “ஆஹா,” என்றார். “என்ன தெளிவு!”

“ரெண்டு தவளை கேக்குது சார்,” என்றார் கணக்கு அலுவலர். “ஒண்ணு கூப்பிடுது, ஒண்ணு பதில் சொல்லுது.”

“குறிச்சுக்குங்க. 'ஒலி கேட்கப்பட்டது. ஒலி தெளிவாக இருந்தது.' ரசனையான ஜீவன்யா. நானும் இவ்வளவு நாள் தவளைன்னா சும்மா கத்தும்னு நெனைச்சேன்.” துணை இயக்குநருக்கு உண்மையாகவே கண் கலங்கியது. திறந்து பார்த்தார். “என்னம்மா, நீங்க ஒண்ணும் சொல்லல? உங்க தவளைதானே?”

தவளையம்மா அசையாமல் நின்றிருந்தாள்.

“சார்,” என்றாள். “ஸ்பீக்கர் இன்னும் என் கையிலதான் இருக்கு.”

எல்லோரும் பார்த்தார்கள். இருந்தது. அதன் ஒயர் தரையைத் தொட்டுக்கொண்டு தொங்கியது.

டக். டக்.

“அப்ப இது?”

கணினிப் பொறுப்பாளர் குனிந்து தட்டில் காதை வைத்தார். சத்தம் தட்டுக்குள்ளிருந்துதான் வந்தது.

“போயிடுச்சா?” என்றார் துணை இயக்குநர், ரகசியக் குரலில்.

“போயிருக்கலாம் சார். போகாமலும்…”

டக் என்று கடைசியாக ஒரு முறை கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

“போயிடுச்சு சார்,” என்றார் அவர். பணியில் சேர்ந்த நாள்முதல் அவர் வாயிலிருந்து வந்த முதல் தெளிவான பதில் அது.

சான்றில் முத்திரை இன்னும் காயவில்லை. தவளையம்மா ஸ்பீக்கரை மெதுவாக மேசைமேல் வைத்தாள். தட்டையாவது தரச் சொன்னாள். வெளியில் யாராவது திறந்து பார்த்து மீட்க முடியுமா என்று பார்க்கிறேன் என்றாள். முற்றிலும் நம்பகமானது என்று சான்று பெற்ற நிறுவனச் சொத்தை வெளியே அனுப்ப வழியில்லை என்று கனிவோடு விளக்கப்பட்டது. பழுதானது என்று அறிவித்தால் அனுப்பலாம். ஆனால் அப்படி அறிவித்தால் குழு தவறியதாகிவிடும். தட்டு அலமாரிக்கே திரும்பியது. அலமாரியில் அது இன்றுவரை நம்பகமாக இருந்துவருகிறது.

அந்த வாரமே துணை இயக்குநருக்குப் பணி நீட்டிப்பு வந்தது. முழுசாக இரண்டு வருடம்.

உத்தரவைப் பையில் வைத்துக்கொண்டு, மழை பெய்த ஒரு மாலையில் காரை நோக்கி நடந்தார். சாவி கை நழுவிக் கீழே விழுந்தது. குனிந்தார்.

டக்.

நாலு கார் தள்ளிக் குடை பிடித்து நின்றிருந்த தவளையம்மா சட்டென்று திரும்பினாள். அவள் முகத்தில் அப்போது தெரிந்த வெளிச்சத்தைத் துணை இயக்குநர் தம் அலுவலக வாழ்க்கையில் யார் முகத்திலும் பார்த்ததில்லை. அவள் குடையைத் தாழ்த்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கார்களுக்கு அடியில் தேடிக்கொண்டே வந்தாள். அவர் பாதி குனிந்தபடியே நின்றார். நிமிர்ந்தால் மறுபடியும் சத்தம் வரும்.

“நான்தாம்மா,” என்றார் கடைசியில். “முழங்கால்.”

அவள் நின்றாள். வெளிச்சம் போய்விட்டது.

“எத்தனை நாளா சார்?”

“அது கிடக்குது, பல வருஷமா.”

“நீட்டிப்பு குடுத்துட்டாங்களே. டாக்டர்கிட்ட சொல்லலையா?”

“சொன்னா எப்படிம்மா குடுப்பாங்க?”

அவள் குடையை நிமிர்த்திக்கொண்டாள். “அந்த டிஸ்க்குக்கு இந்தச் சூட்சுமம் தெரியல சார்,” என்றாள். “கேட்டவங்ககிட்டயெல்லாம் உள்ளதை உள்ளபடி சொல்லிடுச்சு.”

துணை இயக்குநர் அன்றிரவு முழுவதும் இதைப் பற்றிச் சிந்தித்தார். எவ்வளவு ஆழமான கருத்து! மறுநாள் குழுவின் இறுதி அறிக்கையில் தம் கையாலேயே ஒரு பரிந்துரையைச் சேர்த்தார்: 'தன் குறையைத் தானே முன்வந்து ஒப்புக்கொள்ளும் எப்பொருளையும், எந்நபரையும், இனி இந்நிறுவனத்தில் வைத்துக்கொள்ளலாகாது.'

பரிந்துரை உடனடியாக நடைமுறைக்கு வந்தது. தவளையம்மா அதற்கு முந்தின நாளே வேலையை விட்டிருந்தாள். மீதமிருந்தவர்களை அடிமட்டம்முதல் இயக்குநர்வரை சல்லடை போட்டுச் சலித்ததில், நீக்கப்பட வேண்டியவர் என்று ஒருவர்கூட அகப்படவில்லை.